இடது பக்கத்துக் கேள்வி

சாந்தாவின் இடது காது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்கு நின்றுபோனது. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரியக் காரணம் உண்டு. அப்போது அவள் ஒரு கூடை சங்கரா மீனை ஏலம் விட்டுக்கொண்டிருந்தாள். சுற்றிலும் முப்பது பேர் சாட்சி. பயந்துவிடாதீர்கள் கண்ணுகளா, இதில் யாரும் சாகப்போவதில்லை. ஒரு காதின் கதைதான். அதுவும் முழுக் காது இல்லை, பாதிக் காது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய ஒரு குப்பம் அவளுடையது. காலையில் போட்டுகள் கரை ஏறியதும் மீன் கூடை கூடையாக மணலில் இறங்கும். வாங்க வந்தவர்கள் வட்டமாக நிற்பார்கள். நடுவில் சாந்தா. ஏலத்தில் விலை சொல்வதை எங்கள் பக்கம் 'கேட்பது' என்றுதான் சொல்வோம். சொன்ன விலைக்குக் 'கேள்வி' என்று பெயர். 'யாரு கேட்டது?' என்றால் யார் விலை சொன்னது என்று அர்த்தம். அந்த வட்டத்தில் கேட்கிறவர்கள் முப்பது பேர். அவர்கள் கேட்பதைக் கேட்கிறவள் ஒருத்தி.

கேட்கிறவர்கள் சத்தமாகக் கேட்கவும் மாட்டார்கள். சத்தம் போட்டால் மீனின் மேல் ஆசை என்று பக்கத்தில் இருப்பவளுக்குத் தெரிந்துவிடும். அதனால் முந்தானையைச் சரிசெய்கிற சாக்கில், இருமுகிற சாக்கில், உதடு அசையாமல் ஒரு எண்ணை வெளியே விடுவார்கள். சாந்தா திரும்பியே பார்க்காமல் அதைப் பிடித்துக்கொள்வாள். குரல் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், யாருடையது, எல்லாம் அவளுக்குக் காதாலேயே தெரியும். பிடித்த பிறகும் பிடித்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாள். விலை ஏறிக்கொண்டிருக்கும்போது நடுவில் கை வைப்பது கடலுக்குப் போய் வந்தவனுக்குச் செய்கிற துரோகம். தானாக நிற்கும்வரை கல் மாதிரி நிற்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அவள் அப்படித்தான் நின்றாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவளுக்கு இடது பக்கம் ஆராயி நின்றாள். அதே குப்பத்துக்காரி, வெற்றிலை போடுகிறவள். வலது பக்கம் வேண்டா. திருக்கழுக்குன்றத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பம். வீட்டில் ஐந்தாவது பெண்ணாகப் பிறந்ததால் அந்தப் பெயர். டி.வி.எஸ். வண்டியில் வந்து மீன் வாங்கிக்கொண்டு போய்த் தெருத்தெருவாக விற்பாள். சாந்தா கூடையை வேண்டாவுக்குக் கொடுத்தாள்.

"நான் மேல கேட்டேனே" என்றாள் ஆராயி.

"நீ எங்கடி கேட்டே?"

"கேட்டேன்."

"எனுக்குக் கேக்கல."

"உனுக்குக் கேக்கலன்னா நான் கேக்கலன்னு ஆயிடுமா?"

இடது பக்கம் நின்றவர்கள் எல்லோரும் ஆராயி கேட்டதாகச் சொன்னார்கள். சாந்தா உள்ளங்கையால் காதைத் தட்டிப் பார்த்தாள். டப்பாவைத் தட்டுவது போல இருந்தது. உள்ளே 'கொய்ங்' என்று ஒரு சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று பத்து நிமிடத்தில் தெரிந்தது. ஒரு காதால் கேட்டால் எந்தச் சத்தமும் எங்கிருந்து வருகிறது என்று புரிவதில்லை. கடல்கூட வலது பக்கம் போய்விட்டது.

வீட்டுக்காரர் இருசப்பன் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றினார். இரண்டு நாள் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றினார். நாலாவது நாள் மருந்துக்கடைக்காரர் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார். அது எண்ணெய்க்கு மேல் மிதந்தது. சிறுசேரியில் கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை பார்க்கும் மகள் பிரியங்கா வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தாள்.

"எம்மா, நாலு நாளா போன் பண்ணிகினு கீறேன். எடுக்கறே, ஹலோ ஹலோன்றே, கட் பண்ணிடறே. சண்டையா?"

"நீதான் பேசவே மாட்டேன்ற."

சாந்தா போனை எப்போதும் இடது காதில் வைப்பாள். பிரியங்கா சனிக்கிழமை காலை இருவரையும் பஸ் ஏற்றி, செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

அங்கே பிரதீபா என்று ஒரு டாக்டர். மதுராந்தகத்துப் பெண். காது மூக்கு தொண்டை மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. சாந்தாவின் காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எண்ணெய் ஊத்தினீங்களா?"

இருசப்பன் மின்விசிறியைப் பார்த்தார். "கொஞ்சம்."

"எவ்வளவு?"

"ஊத்துன வரிக்கும்."

காதைத் துடைத்தார்கள். அழுக்கும் இல்லை, சீழும் இல்லை. திடீர்ச் செவிடு என்று ஒன்று இருக்கிறது, அதற்கு இன்ன காரணம் என்று பெரும்பாலும் தெரிவதில்லை, சீக்கிரம் வந்தால் சீக்கிரம் மருந்து கொடுக்கலாம், அஞ்சாவது நாளாவது வந்தீர்களே என்று பிரதீபா சொன்னாள். பிறகு சாந்தாவைக் கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்துக் காதில் ஒன்றை மாட்டி, கையில் பட்டன் கொடுத்தார்கள். கேட்கும் திறனை அளக்கிற ஹரிஹரன் வெளியே மெஷின் முன்னால் உட்கார்ந்து, "சத்தம் வந்தா பட்டனை அமுக்குங்கம்மா" என்றார். இடது காது தொண்ணூறு, வலது காது நாற்பது என்று வந்தது. எவ்வளவு பெரிய சத்தம் கொடுத்தால் கேட்கிறது என்கிற எண் அது. பெரிய எண் என்றால் மோசம்.

"வலதுலயும் கொஞ்சம் குறைஞ்சிருக்கு" என்றார் ஹரிஹரன். "போட் இன்ஜின் சத்தம், வயசு. சகஜம்தான்."

"மாத்திரை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரத்தம் எடுத்துக்கறேன்" என்றாள் பிரதீபா. "மாத்திரை போட்டா இந்த எண்ணு மாறிடும். ரத்தத்துல வெள்ளை அணுக்கள் இருக்கும்மா. அதுல ஒரு வகை, பிரச்சனைன்னா மொதல்ல ஓடி வந்து அடிக்கும். இன்னொரு வகை நிதானமா வந்து யாரு எவர்னு பாக்கும். அது எத்தனை, இது எத்தனைன்னு வகுத்தா ஒரு எண்ணு வரும். அந்த எண்ணுக்கும் காது திரும்பறதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு நான் ஆராய்ச்சி பண்றேன். நீங்க சம்மதிச்சா."

"ஓடியாந்து அடிக்கிறவன்தான் நெறைய இருப்பான்" என்றார் இருசப்பன். "எங்க ஊரும் அப்படித்தான்."

சாந்தா கையெழுத்துப் போட்டாள். மத்தியானம் எண் வந்தது. ஐந்து புள்ளி எட்டு. பிரதீபா அதை ஒரு நோட்டில் எழுதினாள். எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றதைப் பிரியங்கா கவனிக்கவில்லை, போனில் ஆபீஸ் மேனேஜரிடம் பேசிக்கொண்டிருந்தாள். அடுத்து உட்கார்ந்திருந்தவர் ஜானகிராமன். பொத்தேரியில் மாணவர்கள் சாப்பிடுகிற மெஸ் நடத்துகிறவர். அவருக்கும் அதே மாதிரி காது, அதே மாதிரி ரத்தம். அவர் எண் ஒன்று புள்ளி ஒன்பது.

திரும்பி வருகிற பஸ்ஸில் இருசப்பன் நிம்மதியாக இருந்தார்.

"பாவம் அந்த மெஸ்காரரு. ரெண்டு கூட போகல."

"நம்புளுது?" என்றாள் சாந்தா, வலது காதைத் திருப்பி.

"ஆறு. கொஞ்சம் கம்மி. மொத நாளே ஆறுன்னா பாத்துக்கோ."

இதற்காக அவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். நாளெல்லாம் எண் ஏறுவதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற ஊர். ஏறினால் நல்லது என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். இரண்டே நாளில் குப்பம் முழுக்க விஷயம் பரவியது. சாந்தா ரத்தம் ஆறு வரை போயிருக்கிறது, பொத்தேரியிலிருந்து வந்த ஒரு ஆளால் அதற்குப் பக்கத்தில்கூட வர முடியவில்லை. வேண்டா வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "மொத கேள்வியே அஞ்சே முக்காலா? அப்ப கடசில எங்க போயி நிக்கும்?"

அடுத்த வாரம் செவிப்பறை வழியாக உள்ளே மருந்து போடுகிற ஊசி. ஊசி முடிந்ததும் இருசப்பன் டாக்டர் மேஜைக்கு அருகில் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"டாக்டரம்மா, ஆறு ஆயிடுச்சா?"

"எது?"

"ரத்தம்."

பிரதீபாவுக்கு இரண்டு நிமிடம் பிடித்தது. புரிந்ததும் நாற்காலியை நெருக்கிப் போட்டு உட்கார்ந்தாள். "ஐயா, அது கம்மியா இருந்தாதான் நல்லது. அதிகமா இருக்கறவங்களுக்குக் காது திரும்பறது குறைவுன்னுதான் இதுவரைக்கும் நிறைய பேர் கண்டுபிடிச்சிருக்காங்க."

இருசப்பன் நோட்டை எட்டிப் பார்த்தார். "அப்ப அந்த மெஸ்காரரு?"

"அவருக்கு வாய்ப்பு அதிகம்."

"அவரு மீனே துன்னாதவருங்க."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. நல்லா கேளுங்க. நூறு பேரைச் சேர்த்துப் பாத்தா தெரியற விஷயம் இது. இவங்க ஒருத்தருக்கு இப்படித்தான் ஆகும்னு யாராலயும் சொல்ல முடியாது. கடலுக்குப் போகாதீங்கன்னு எச்சரிக்கை குடுக்கறாங்க, அன்னைக்கு எல்லா போட்டுமா கவிழுது?"

"கவுறாதுங்க" என்றார் இருசப்பன். "ஆனா அன்னிக்கி எங்க ஊர்ல யாரும் போவ மாட்டோம்."

சாந்தா இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து வலது காதால் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தாள். திருக்கழுக்குன்றம் தாண்டியது. பிறகு, "ஊர்ல இன்னா சொல்றது?" என்றாள்.

"நான் சொல்லிக்கிறேன்" என்றார் இருசப்பன். அவர் சொல்வதற்கு முன்பே பிரியங்கா போனில் படித்துவிட்டு அத்தை மகன் தீனாவிடம் சொல்லியிருந்தாள். ஏறினால் கெடுதல் என்று ஊருக்கு ஒரே சாயங்காலத்தில் தெரிந்துவிட்டது. ஆறு என்பது ரொம்பக் கெடுதல்.

தீனா இருசப்பனின் தங்கை மகன். இருபத்தெட்டு வயது. கல்யாணங்களுக்கு ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறான். கையடக்க மைக் ஒன்றும் வைத்திருந்தான். ஏலம் விடுகிற இடம் தனக்கு வேண்டும் என்று அவனுக்கு ரொம்ப நாளாக ஒரு எண்ணம், அதை மரியாதையாக மனதுக்குள் வைத்திருந்தான். இப்போது ஊர்த் தலைமை பார்க்கிற நாட்டார் சின்னையனிடம் போய் வெளியே எடுத்தான்.

"மாமா, நான் அத்தைய கொற சொல்லல. ஆனா ரத்தத்துலயே இல்லியாம். டாக்டரே எழுதி வெச்சிகிறாங்களாம்."

சின்னையன் சாந்தாவைக் கூப்பிட்டு அனுப்பினார். "மூணு மாசம் தீனா பாக்கட்டும். மூணு மாசம் கழிச்சி டாக்டரு இன்னா சொல்றாங்கன்னு எழுத்துல வாங்கியா. காது வந்தா எடம் உன்னுது. வரலன்னா அவனுது. இன்னா சொல்ற?"

"சரிங்க நாட்டாரே."

வேறு என்ன சொல்வாள். அவள் மீன் வாங்கி விற்கப் போகலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் இருபத்திரண்டு வருடம் வட்டத்துக்கு நடுவில் நின்றவள் போய் வட்டத்தின் ஓரத்தில் நிற்க வேண்டும். ஆராயிக்கும் வேண்டாவுக்கும் நடுவில், முந்தானையைச் சரிசெய்துகொண்டு. அதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மாத்திரை வேறு பசியைக் கிளப்பியது. இறங்காத சோற்றை மூன்று வேளையும் நிறையச் சாப்பிட்டாள்.

தீனா மைக்கோடு நின்றான். அவன் குரல் கடல்மேல் போய்ப் போட்டுக்காரர்களுக்கே கேட்டது. ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றதால் யார் கேட்பதும் அவனுக்குக் கேட்கவில்லை. எப்போதாவது ஒன்று கேட்டுவிட்டால், 'ஆராயி அக்கா நானூறு, ஆராயி அக்கா நானூறு' என்று கரை முழுக்கச் சொன்னான். வேனில் வந்த வெளியூர் வியாபாரி டீக்கடையில் உட்கார்ந்தபடியே அதைக் கேட்டு நானூற்றைம்பது என்று கையைத் தூக்கினான். ஆராயி வெற்றிலையைத் துப்பிவிட்டு வெறுங்கூடையோடு போனாள். இப்படி ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது.

இதற்கு நடுவில் ஒரு நாள், இடது பக்கம் படுத்திருந்த இருசப்பனின் குறட்டை சாந்தாவுக்கு இடது பக்கத்திலிருந்து வந்தது. அப்புறம் பஸ் இன்ஜின். அப்புறம் குக்கர். அவள் யாரிடமும் சொல்லவில்லை. ரத்தம் முடியாது என்று சொன்ன பிறகு கேட்கிறதென்றால், அது நினைப்பாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்துகொண்டாள். படித்தவர்கள் கண்டுபிடித்ததை ஒரு குக்கர் மாற்றிவிடுமா?

மூன்று மாதம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பொத்தேரி ஜானகிராமனும் வந்திருந்தார். அவருக்குக் காது முழுசாகத் திரும்பிவிட்டது, எண் சொன்ன மாதிரியே. அதைப் பற்றி அவருக்குப் பெரிய சந்தோஷம் இருந்ததாகத் தெரியவில்லை.

"எழுபது பசங்க ஒரே நேரத்துல சாம்பார் கேக்கறானுங்க" என்றார் சாந்தாவிடம். "அந்த பதினைஞ்சு நாள் நிம்மதியா இருந்தேம்மா."

சாந்தாவைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்தார்கள். ஹரிஹரன் அளந்தார். இடது காது அறுபது. வலது அதே நாற்பது. தொண்ணூறிலிருந்து அறுபது என்பது கொஞ்சம் இறக்கம்தான். ஆனால் அறுபதை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறவள் பேச்சையே பிடிக்க முடியாது.

பிரதீபா தாளைப் பார்த்தாள். ஐந்து புள்ளி எட்டு, சரியாகச் சொல்லியிருந்தது. அவள் ஆராய்ச்சிக்கு நல்ல செய்தி. அவள் முகத்தில் அது தெரியவில்லை. "அம்மா, கொஞ்சம் முன்னேற்றம் இருக்கு" என்று ஆரம்பித்தாள்.

"டாக்டரம்மா" என்றார் இருசப்பன். அவர் இத்தனை நேரம் ஹரிஹரனுக்குப் பின்னால், கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். "அவுளுக்குக் கேட்டுச்சிங்க. கேக்காத மாதிரி இருக்கா."

"அப்படியெல்லாம் யாரும் பண்ண மாட்டாங்க."

"மூக்குத்தியத் தொட்டா. மொத கேள்வி காதுல வுழுந்தா மூக்குத்தியத் தொடுவா. ஊருக்கே தெரியும். அவுளுக்குத்தான் தெரியாது."

"நான் எங்க தொட்டேன்?" என்றாள் சாந்தா.

ஹரிஹரன் மறுபடி மெஷினை ஓட்டினார். இந்த முறை தாளைப் பார்க்காமல் மூக்குத்தியைப் பார்த்தார். சின்னதாக ஒரு சத்தம் கொடுத்தார். சாந்தாவின் விரல் மூக்குத்திக்குப் போனது. பட்டன் அப்படியே இருந்தது. பதில் வரவில்லை என்று அவர் வழக்கப்படி கொஞ்சம் ஏற்றினார். பட்டன் அமுங்கவில்லை. இன்னும் ஏற்றினார். கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். இன்னும் இரண்டு தரம் ஏற்றிய பிறகுதான் அமுக்கினாள்.

ஹரிஹரன் கதவைத் திறந்தார். "சத்தம் வந்ததும் ஏன் அமுக்கலை?"

"ஏறிகினு இருந்துச்சே" என்றாள் சாந்தா. "ஏறிகினு இருக்கும்போது எப்படிங்க நிறுத்தறது?"

"நீங்க அமுக்கலைன்னுதாம்மா நான் ஏத்தறேன்."

"நீங்க ஏத்தறீங்கன்னுதான் நான் அமுக்கல."

இருசப்பன்தான் விளக்கினார், கரையில் அவள் என்ன வேலை செய்கிறாள் என்று. ஹரிஹரனுக்குப் பதினான்கு வருட அனுபவம். கேட்காததைக் கேட்கிறது என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறார். கேட்டதற்கு நல்ல விலை வரட்டும் என்று காத்திருந்தவரைப் பார்த்ததில்லை.

"சரி. இப்ப மொதல்ல வர்ற சத்தத்துக்கே அமுக்கிடுங்க" என்றார்.

"மொத கேள்விக்கேவா?" சாந்தாவுக்கு அது சரியாகப் படவில்லை. "அது தப்புங்க."

"இங்க நான் ஒருத்தன்தாம்மா கேக்கறேன்."

"வேற யாரும் கேக்கலியா?"

"யாருமே இல்லை."

"இத மொதல்லயே சொல்லக்கூடாதா?" என்று அவள் உட்கார்ந்தாள்.

வலது காது பதினைந்து. இடது காது முப்பத்தைந்து. இரண்டு தரம் பார்த்தார்கள், அதேதான். பிரதீபா தாளை வாங்கி, நோட்டில் ஐந்து புள்ளி எட்டு என்று எழுதியிருந்த வரிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"மொத நாளும் இப்படித்தான் உக்காந்திருந்தீங்களா?"

"வலது பக்கம் அப்படித்தான். இடது பக்கம் அன்னிக்கி நெசமாவே யாரும் கேக்கலங்க. கடசியாதான் ஏதோ அதுர்ற மாதிரி இருந்துச்சி."

"உங்க எண்ணுக்கு இவ்வளவு திரும்பியிருக்கக்கூடாது" என்றாள் பிரதீபா.

"ஒங்களுக்கு இதால ஏதாவது பேஜாருன்னா நம்ம பேர எடுத்துடுங்க டாக்டரம்மா" என்றார் இருசப்பன். "நாங்க ஒண்ணும் நெனச்சிக்க மாட்டோம்."

"எடுக்கக்கூடாதுங்க. ஒத்துவராதவங்களை எல்லாம் எடுத்துட்டா எல்லா ஆராய்ச்சியும் சரியாத்தான் வரும்." அவள் அந்த வரியில் முப்பத்தைந்து என்று எழுதினாள். "முழுசாத் திரும்பலைம்மா. பாதி. காத்து அடிச்சா, சுத்தி சத்தமா இருந்தா, எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு தடுமாறும். அது மாறுமான்னு எனக்குத் தெரியாது. ரத்தத்துக்கும் தெரியலை."

எண்ணையும் 'பாதி' என்பதையும் எழுதி வாங்கிக்கொண்டு வந்து நாட்டார் சின்னையனிடம் கொடுத்தார்கள். அவர் தாளை நீட்டிப் பிடித்துப் படித்தார். அறுபது என்று போட்டு அடித்து முப்பத்தைந்து என்று எழுதியிருந்தது.

"கொறஞ்சி கீதே?"

"ஆஸ்பத்திரில எல்லாமே இறங்கு ஏலம் நாட்டாரே" என்றார் இருசப்பன். "கீழ வந்தாதான் லாபம்."

சின்னையனுக்கு அதில் முழு நம்பிக்கை வரவில்லை. ஏற்கெனவே ஒரு எண்ணை நம்பி ஊரே சந்தோஷப்பட்டிருந்தது. "பாதின்னு போட்டுகிறாங்க. பாதிய வெச்சிகினு நான் இன்னா தீர்ப்பு சொல்றது? ஞாயித்துக்கெழம காலைல நில்லு. பத்து கூட. யார் கேட்டாங்களோ அவுங்க கைக்கே போவணும். ஒரு கூட கை மாறிச்சின்னாலும் எடம் தீனாவுது. ஒத்துக்கறியா?"

"ஒத்துக்கறேன்" என்றாள் சாந்தா.

ஞாயிற்றுக்கிழமை தெற்கிலிருந்து காற்று. ஊர் முழுக்க வந்திருந்தது. தீனா மைக்கை அணைத்துக் கையில் வைத்துக்கொண்டு நாட்டாருக்குப் பக்கத்தில் நின்றான். அவனுக்குப் பொறாமை கிடையாது. இடம் வேண்டும், அவ்வளவுதான். அத்தைக்கு உட்கார ஒரு நாற்காலிகூடக் கொண்டுவந்து போட்டிருந்தான். அவள் உட்காரவில்லை.

முதல் கூடை சங்கரா. வலது பக்கம் போனது, சரியான கைக்கு. இரண்டாவது இறால். பின்னாலிருந்து யாரோ இருமினார்கள். சாந்தா திரும்பாமலே இருமியவள் பேரைச் சொன்னாள். மூன்று, நான்கு. ஐந்தாவது கூடையை இடது பக்கம் நின்ற ஆராயி கேட்டாள், அவளிடமே போனது. ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. வேனில் வந்த வியாபாரி டீக்கடையிலிருந்து எழுந்து வந்து எட்டிப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிப் போனான்.

பத்தாவது கூடை காரப்பொடி. சின்ன மீன். வேண்டா வாங்குகிற மீன் இல்லை அது; அவள் ஊர்ப்பக்கம் அதை யாரும் வாங்க மாட்டார்கள். விலை நாலைந்து பேரிடம் ஏறியது. அப்போது காற்று ஒருமுறை வீசியது. கடைசிக் கேள்வி இடது பக்கமிருந்து வந்தது. ஆராயி கேட்டாள். பக்கத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. இன்னும் யாராவது ஏற்றுகிறார்களா என்று சாந்தா காத்திருந்தாள். யாரும் ஏற்றவில்லை. அவள் வலது பக்கம் திரும்பினாள்.

"வேண்டாவுக்கு."

சொன்ன பிறகுதான் சுற்றி இருக்கிற அமைதி அவளுக்குத் தெரிந்தது. காது கேட்காவிட்டாலும் முப்பது பேர் மூச்சை நிறுத்தினால் தெரியும். அவள் ஆராயியைப் பார்க்கவில்லை. கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

சின்னையன் முன்னால் வந்தார். "ஆராயி. நீ கேட்டியா?"

ஆராயி வாயில் வெற்றிலை இருந்தது. அவள் அதை மென்றாள். ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் தள்ளினாள். சாந்தாவைப் பார்த்தாள், தீனா கையிலிருந்த மைக்கைப் பார்த்தாள்.

"நான் இன்னாத்துக்குக் கேக்கறேன்?" என்றாள். "பொடி மீன வெச்சிகினு யாரு ஆஞ்சிகினு இருக்கறது."

"அக்கா, நீதான் கேட்டே" என்றான் தீனா. "எனுக்கே கேட்டுச்சி."

"உன் காதுல இன்னாடா கோளாறு? போயி ரத்தம் குட்த்துட்டு வா."

சின்னையன் மறுபக்கம் திரும்பினார். "வேண்டா. நீ கேட்டியா?"

வேண்டா கூடையைப் பார்த்தாள். நிறைய இருந்தது.

"நான்தான் கேட்டேன்" என்றாள்.

"பொடி மீனா?"

"ஆமாங்க. வூட்ல ஆசப்பட்டாங்க."

சின்னையன் வட்டத்தைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இருபத்தெட்டுப் பேர் கடலைப் பார்த்தார்கள். ஆராயிக்கு ஐந்து ஆள் தள்ளி நின்ற அவருக்கும் அந்தக் குரல் கேட்டுத்தான் இருந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பத்தும் சரியாப் போச்சி. எடம் சாந்தாவுது." தீனாவிடம், "அந்த நாக்காலிய எட்த்துனு போ" என்றார்.

கூட்டம் கலைந்தது. வேண்டா தன் டி.வி.எஸ். வண்டியில் கூடையைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். சாந்தா அவள் பக்கத்தில் வந்து கயிற்றின் இன்னொரு முனையைப் பிடித்தாள்.

"நீ கேக்கலடி" என்றாள். "ஆராயிதான் கேட்டா. எனுக்குத் தெரியும்."

"நான் கேட்டேன்" என்றாள் வேண்டா, முடிச்சை இறுக்கியபடி. "உனுக்குத்தான் காது கேக்கல."

"இத எங்க கொண்டும்போயி விப்பே?"

"அத நீ ஏன் கேக்கற?"

வண்டி மணலில் இழுத்தது. சாந்தா பின்னால் இருந்து தார் ரோடு வரைக்கும் தள்ளிவிட்டாள். ரோட்டில் ஏறியதும் வேண்டா திரும்பிப் பார்க்காமலே ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். காற்றில் அது சாந்தாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை. திட்டாகத்தான் இருக்கும்.